சடங்கு வீட்டுத் திரையில் ஓடும் நாலு நிமிஷம்

எங்க ஆறுமுகநேரிப் பக்கம் சடங்கு வீடுன்னா இப்போ மண்டபத்துல ஒரு எல்இடி திரை நிச்சயம். தாய்மாமன் சீர் தட்டு உள்ளே வந்து, பந்தி தொடங்குறதுக்கு முன்னாடி, பிள்ளையோட பழைய போட்டோக்களைக் கோர்த்து நாலு நிமிஷ வீடியோ ஒண்ணு ஓடும். இதை விமர்சிக்கத் தகுந்த வடிவமாக யாரும் எடுத்துக்கிறதில்லை. ஆனா சொந்தக்காரங்க முந்நூறு பேர் ஒண்ணா உட்கார்ந்து பார்க்கிற ஆவணப்படம் நம்ம ஊர்ல வேற என்ன இருக்கு?

மூணு வருஷத்துல பத்துப் பன்னிரண்டு பார்த்திருப்பேன். வரிசை மாறுறதே இல்லை. பிள்ளையார், தொட்டில், திருச்செந்தூரில் மொட்டை போட்டுச் சந்தனம் தடவின தலை, எல்கேஜி பட்டமளிப்பு அங்கி, ஆண்டு விழா வேஷம். அப்புறம் சட்டுனு பட்டுச்சேலை. ஒன்பது வயசுக்கும் சேலைக்கும் நடுவுல உள்ள வருஷங்கள் காணாமல் போய்விடும். காரணம் எளிது: அந்தப் படங்கள் ஆல்பத்தில் இல்லை, செல்போனில் கிடக்கின்றன. எது வேணும்னு அந்தப் பிள்ளைகிட்ட யாரும் கேட்கிறதில்லை.

அசையாத படத்தின் மேல் கேமரா மெதுவாக நகர்ந்து நெருங்கும் உத்தி பழசு. 1957-இல் கனடாவில் வந்த ‘சிட்டி ஆஃப் கோல்ட்’ குறும்படத்திலேயே அது உண்டு. 1990-இல் கென் பர்ன்ஸ் அமெரிக்க உள்நாட்டுப் போர் பற்றி எடுத்த தொலைக்காட்சித் தொடர் அதைப் பிரபலமாக்கியது. 2003-இல் ஆப்பிளின் ஐமூவி மென்பொருளில் அவர் பெயராலேயே ஒரு வசதியாகச் சேர்ந்தது. பர்ன்ஸ் எங்கே போய் நிற்பது என்று யோசித்து நகர்த்தினார். நம்ம வீடியோக்களில் மென்பொருளே முடிவு செய்கிறது. எப்பவும் பிள்ளையின் முகத்தில்தான் போய் நிற்கும். ஓரத்தில் நின்ற ஆச்சி ரெண்டாவது விநாடியில் திரைக்கு வெளியே போயிடுறாங்க. பல வீடுகளில் அந்த ஆச்சி இப்போ உயிரோட இல்லை. கூட்டத்தில் கண்ணைத் துடைக்கிறவங்க அவங்களைத்தான் தேடுறாங்க. முகத்தில் தொடங்கி வெளியே விலகிப் போனாலே போதும், எல்லாரும் வந்துவிடுவார்கள். அதே உழைப்புதான்.

பின்னணி இன்னொரு கொடுமை. நிமிர்ந்த படத்துக்கு ரெண்டு பக்கமும் இடம் மிஞ்சினா ரோஜாவும் பனிமலையும் வந்து உட்காரும். ஊரைச் சுற்றி வெள்ளை வெள்ளையா உப்பு அம்பாரம் குவிஞ்சு கிடக்குது. அது ஒரு படத்திலும் வராது. ஒரே ஒரு வீடியோவில், தாத்தா பாத்திக் கரையில் பேத்தியைத் தோளில் வைத்து நின்ற படம் ஒன்று வந்தது. அவ்வளவு நேரம் பேசிக்கிட்டிருந்த மண்டபம் அந்த அஞ்சு விநாடி அமைதியாச்சு.

இதில் கணக்கும் இருக்கு. நாலு நிமிஷம்னா 240 விநாடி. படத்துக்கு 5 விநாடி வைத்தால் 48 படம். ஆனா 120 படம் திணிக்கிறாங்க. 4x6 அங்குலப் படத்தை 300 டிபிஐ-யில் ஸ்கேன் செய்தால் 1800x1200 புள்ளிகள். 1920x1080 திரைக்கே அது சரியாகப் போதாது, நெருங்கினால் கலங்கும். 600-இல் எடுத்தால் 3600x2400, தாராளம். பெரும்பாலும் நடப்பது, ஆல்பத்தின் பிளாஸ்டிக் உறை மேலேயே செல்போனில் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவது. டியூப்லைட் வெளிச்சம் தாத்தா நெற்றியில் விபூதி மாதிரி விழுந்திருக்கும்.

சும்மா ஒரு வீடியோவுக்கு ஏன் இவ்வளவு பேச்சுன்னு கேட்கலாம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நினைச்சுப் பாருங்க. பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை. வீட்டுக்குள் தண்ணீர் நின்றால் பீரோவின் கீழ்த்தட்டு ஆல்பம்தான் முதலில் நனையும். நனைந்த படம் உறையோடு ஒட்டிக்கொள்ளும். காய்ந்த பிறகு பிரித்தால் முகம் உறையோடு வந்துவிடும். அப்படி ஆல்பம் போன வீடுகளில் இந்த நாலு நிமிஷம்தான் மிச்சம். அதிலும் ஆச்சி பாதி வெட்டுப்பட்டு.

யூதர்களிடமும் இப்படி ஒரு வழக்கம் உண்டு. 12, 13 வயதில் ஒரு சடங்கு, விருந்தில் போட்டோ வீடியோ. ஆனா அங்கே விழாவின் மையம் பிள்ளை சபை முன் வேதப் பகுதியைப் படிப்பது. ஆண்பிள்ளைக்கு மட்டும் இருந்த அந்த உரிமை 1922-இல் நியூயார்க்கில் ஜூடித் கப்லான் என்ற 12 வயதுப் பெண்ணுக்குக் கிடைத்தது. நம்ம மேடையில் பிள்ளை ஒரு வார்த்தை பேசுவதில்லை. வயசுக்கு வந்த செய்தியை அவள் சார்பில் வாசலில் பிளெக்ஸும் உள்ளே வீடியோவும் ஊருக்கே சொல்கின்றன. அவள் நாற்காலியில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறாள். சடங்கே வேண்டாம் என்பவர்களின் வாதம் எனக்குப் புரிகிறது, பெரும்பாலும் உடன்பாடும் உண்டு. செய்யத்தான் போறோம்னா, 48 படத்தில் பாதியாவது அவள் தேர்ந்தெடுக்கட்டும். கூடைப்பந்துக் கோப்பையோ, தோழிகளோடு எடுத்த கோணல் செல்பியோ, வரட்டும்.

இன்னொன்று, ஸ்டுடியோவுக்கு மீதிப் பணம் கொடுக்கும் முன், வீடியோவோடு ஸ்கேன் செய்த மூலப் படங்களையும் பென்டிரைவில் கேட்டு வாங்குங்க. ஒரு நகலை வெளியூர்ச் சொந்தக்காரர் யாரிடமாவது கொடுத்து வையுங்க.