தோற்றவருக்கும் ஒரு நாற்காலி

திருப்பூரில் தைத்த டி-ஷர்ட்டைப் போட்டுக்கொள்ளும் அமெரிக்கருக்கு ஒரு வசதி உண்டு. எந்தக் கட்சிக்கு ஓட்டு என்பதற்கு முன்னாலேயே, அந்தக் கட்சியின் வேட்பாளர் யார் என்பதற்கும் அவர் ஓட்டுப் போடலாம். பிரைமரி என்று பெயர். 2025 ஜூனில் நியூயார்க் மேயர் பதவிக்கு ஜனநாயகக் கட்சி இப்படித்தான் ஆள் தேடியது. ஒரு பக்கம் ஆண்ட்ரூ குவோமோ. முன்னாள் கவர்னர், இன்னொரு கவர்னரின் மகன், பணக்காரர்களின் ஆதரவு. மறு பக்கம் ஸோரான் மம்தானி. 33 வயது, வாடகையை ஏற்றாதே, பஸ்ஸை இலவசமாக விடு என்று கேட்ட சோஷலிஸ்ட். கட்சிக்காரர்கள் மம்தானி போதும் என்றார்கள். நவம்பரில் ஊரும் அதையே சொன்னது.

அந்த டி-ஷர்ட்டைத் தைத்தவருக்கு இந்த வசதி கிடையாது. பிரைமரியின் பலன் மட்டும் வந்து சேரும். கட்சிப் பெருந்தலைகளை பிரைமரியில் தோற்கடித்து மேலே வந்தவர்தான் ட்ரம்ப். 2025 ஆகஸ்டில் அவர் இந்தியச் சரக்குக்கு 50 சதவிகித வரி போட்டபோது திருப்பூருக்கு வயிற்றைக் கலக்கியது.

நம் ஊர் முறை வேறு. விருப்ப மனு. 2021 சட்டமன்றத் தேர்தலுக்கு தி.மு.க.வில் கட்டணம் 25,000 ரூபாய், அ.தி.மு.க.வில் 15,000. பணத்தைக் கட்டி, நேர்காணலில் கும்பிட்டுவிட்டு வரவேண்டியது. மீதியைத் தலைமை பார்த்துக்கொள்ளும். பனியன் கம்பெனியில் டெய்லரை எடுப்பதற்கு முன்னால், மெஷினில் உட்கார வைத்து ரெண்டு பீஸ் தைத்துக் காட்டச் சொல்வார்கள். மனுவுக்குப் பணம் கேட்கமாட்டார்கள்! இடதுசாரிகளிடம் இந்த வியாபாரம் இல்லை. ஆனால் அங்கேயும் முடிவு செய்வது கமிட்டிதான். சாதாரண உறுப்பினர் கையில் ஓட்டுச்சீட்டு கிடையாது.

உட்கட்சிப் போட்டி என்பது நமக்குப் பழக்கமே இல்லாத சமாச்சாரமா என்றால், இல்லை. 1940-ல் தமிழ்நாடு காங்கிரஸ் தலைவர் பதவிக்குத் தேர்தல் நடந்தது. ராஜாஜி தரப்பில் கோவை சி.பி.சுப்பையா, சத்தியமூர்த்தி தரப்பில் காமராஜ். 103-க்கு 100. மூன்றே ஓட்டில் காமராஜ் ஜெயித்தார்.

இன்னொரு போட்டி 1954-ல். முதல்வர் ராஜாஜி முந்தைய ஆண்டு கொண்டுவந்த கல்வித் திட்டம் ஊரையே இரண்டாக்கியிருந்தது. பிள்ளைகளுக்குத் தினம் மூன்று மணி நேரம் பள்ளிக்கூடம், மிச்ச நேரம் அப்பாவின் தொழில். நெசவாளி மகன் தறிக்குப் போகணும். குலக்கல்வி என்று பெயர் வாங்கிய அந்தத் திட்டத்தின் எதிர்ப்பில் ராஜாஜி பதவியைவிட்டு இறங்கினார். அடுத்தவர் யார் என்று காங்கிரஸ் எம்.எல்.ஏ.க்கள் ஓட்டுப் போட்டார்கள். ராஜாஜி தரப்பின் ஆள், பொள்ளாச்சிக்காரரான சி.சுப்பிரமணியம். எதிரே காமராஜ். 93-க்கு 41.

இதில் யார் முற்போக்கு, யார் அதிகார வர்க்கம்? கட்சி அமைப்பைக் கையில் வைத்திருந்தவர் காமராஜ். சி.எஸ்., பின்னாளில் மத்திய உணவு அமைச்சராகப் பசுமைப் புரட்சிக்கு வழி செய்தவர். ரெண்டு பேர் நெற்றியிலும் லேபிள் ஒட்டியிருக்கவில்லை. குலக்கல்வி வேண்டுமா, வேண்டாமா என்ற ஒரே கேள்விதான் அவர்களைப் பிரித்தது.

அதைவிட முக்கியம், ஓட்டு எண்ணியபிறகு நடந்தது. காமராஜ், தோற்ற சி.எஸ்.ஸையும், அவரை முன்மொழிந்த பக்தவத்சலத்தையும் அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டார். சி.எஸ்.ஸுக்குக் கல்வி இலாகா! 1954 மே மாதம் குலக்கல்வி கைவிடப்பட்டபோது கல்வி அமைச்சர் அவர்தான். காமராஜின் பெருந்தன்மை என்று மேடைகளில் சொல்வார்கள். சரிதான். ஆனால் எண்ணிக்கை தெளிவாக இருந்ததும் ஒரு காரணம். 93 ஓட்டு வாங்கியவர் 41 ஓட்டைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை.

எண்ணாமல் விட்டால் என்ன ஆகும்? அ.தி.மு.க.வைப் பாருங்கள். பொதுச்செயலாளரை அடிப்படை உறுப்பினர்களே தேர்ந்தெடுக்கவேண்டும் என்பது எம்.ஜி.ஆர். காலத்து விதி. 2022-ல் தலைமைச் சண்டை வந்தபோது வந்தது ஓட்டுப்பெட்டி அல்ல, வழக்கு. உச்ச நீதிமன்றம் வரை போனது. ஓ.பன்னீர்செல்வம் கட்சியைவிட்டே நீக்கப்பட்டார். போட்டியிட 10 மாவட்டச் செயலாளர்கள் முன்மொழியணும், 10 பேர் வழிமொழியணும் என்று நிபந்தனை வேறு. 2023 மார்ச்சில் எடப்பாடி பழனிசாமி போட்டியின்றித் தேர்வானார். தி.மு.க.விலும் 2022 அக்டோபரில் ஸ்டாலின் போட்டியின்றித்தான். எண்ணினால், தோற்றவருக்கு ஒரு நாற்காலி மிஞ்சுகிறது. எண்ணாவிட்டால் அவர் துரோகி.

உட்கட்சித் தேர்தல் வந்தால் பணமும் ஜாதியும் புகுந்துவிடும் என்பார்கள். புகும். நேர்காணல் அறையில் மட்டும் அவை வெளியே செருப்போடு நிற்கின்றனவா என்ன? 2014-ல் ராகுல் காந்தி சில தொகுதிகளில் பிரைமரி வைத்துப் பார்த்தார். வதோதராவில் அப்படி ஜெயித்தவர் நரேந்திர ராவத். மோடி அங்கே நிற்கிறார் என்றதும் ராவத் ஒதுங்க, மதுசூதன் மிஸ்திரி வந்தார். ஓட்டுப் போட்ட தொண்டன் என்ன நினைத்திருப்பான்?

1954-லும் ஓட்டுப் போட்டவர்கள் எம்.எல்.ஏ.க்கள் மட்டுமே. திருப்பூர் காங்கிரஸ் தொண்டருக்கு அதில் பங்கில்லை. இன்றைக்கு அந்த ஊரிலும் குலக்கல்வி மாதிரி ஒரு கேள்வி இருக்கிறது. நொய்யலில் கலக்கும் சாயக்கழிவு. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஒரே கட்சியில் பட்டறைக்காரரும் இருப்பார், பட்டறையில் கூலி வாங்குகிறவரும் இருப்பார், ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே நிலம் கெட்டுப்போனவரும் இருப்பார். இவர்களில் யாருடைய பதிலோடு கட்சி தேர்தலுக்கு வரவேண்டும்? பொதுத்தேர்தலில் இதைக் கேட்க முடியாது. எல்லாக் கட்சியும் எல்லாருக்கும் நல்லவர்கள். கட்சிக்குள்ளே ரெண்டு பேர் நின்றால்தான், ஒருவர் பதில் சொல்லியே தீரவேண்டியிருக்கும்.

அடுத்த முறை உறுப்பினர் கார்டை நீட்டிக்கொண்டு யாராவது உங்கள் வீட்டுக்கு வந்தால், வாங்குவதற்கு முன் ஒன்றே ஒன்று கேளுங்கள். “இந்தக் கார்டை வைத்து நான் யாருக்கு ஓட்டுப் போடலாம், அண்ணே?”