நிறை மட்டும் போதுமா? கன மீசான் கிளர்வுநிலைகளும் நம் மரபுகளும்

மலர்க்குழுவினர் கட்டுரை கேட்டதும் வேறு தலைப்பைத் தேடவில்லை. நம் கழகத்து மூத்தவர்கள் ஊட்டி வளர்த்த துறை இது. அவர்கள் முன்வரிசையில் அமர்ந்து கேள்வி கேட்ட கூட்டங்களில் பயின்றவன் என்ற உரிமையோடு எழுதுகிறேன். 1974 நவம்பரில் ஜே/சை மீசான் கண்டறியப்பட்ட கதையை உறுப்பினர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மரபுகள் எவை, ஒவ்வொன்றும் தனக்கு வகுத்துக்கொண்ட அளவுகோல் எது என்பதை மட்டும் பார்ப்போம்.

மூத்தது கார்னெல் மரபு. ஐக்டன், காட்ஃபிரீட், கினோஷிடா, லேன், யான் ஐவரும் தந்த நிலையாற்றலை நாம் எல்லோரும் மனப்பாடமாக வைத்திருக்கிறோம். ஆனால் 1976இல் அவர்கள் செய்ததைப் பலர் மறந்துவிட்டார்கள். குவார்க்குகளின் சிறைப்பாட்டையும், மேல்நிலைகள் டி மீசான் இணையாகச் சிதைவதையும் ஒரே கணக்கில் சேர்த்தார்கள். அடுத்த ஆண்டே, அப்படிச் சிதையும் சை(3770) வந்தது. தொடக்கத்திலேயே இந்த மரபில் நிறையும் சிதைவும் பிரியாமல் இருந்தன.

அடுத்தது 1985இல் காட்ஃபிரேயும் இஸ்கரும் எழுதிய கட்டுரை. பையானிலிருந்து யூப்சிலான் வரை ஒரே அளபுருக்களைக் கொண்டு கணக்கிட்ட துணிச்சல் அது. அதே இஸ்கர்தான் 1989இல் வைஸுடன் சேர்ந்து கன குவார்க் சமச்சீர்மைக்கு வழி திறந்தார். ஆகவே இந்த இரண்டு மரபுகளையும் பகையாளிகளாகப் பார்ப்பது சரித்திரத்துக்குப் பொருந்தாது. சமச்சீர்மை மரபு கொடுத்த பெரிய பாடமும் அகலத்தைப் பற்றியதுதான். இலகு பகுதியின் கோண உந்தம் 3/2 ஆக உள்ள டி1(2420), டி2(2460) இரண்டும் டி-அலையில் சிதைவதால் ஒடுங்கியிருக்கின்றன: அகலம் சுமார் 30, 47 எம்.இ.வி. 1/2 ஆக உள்ள இணையோ எஸ்-அலையில் சிதைந்து, 200 எம்.இ.வி.க்கும் மேல் அகன்று கிடக்கிறது. நிறைகளை மட்டும் பார்த்தால் இந்த வேறுபாடு கண்ணில் படாது.

என் ஆசிரியர் நிலையாற்றல் மரபினர். அலைச்சார்பை எண்முறையில் தீர்த்து, கணுக்களை எண்ணிப் பார்க்காமல் எந்த விடையையும் ஏற்க மாட்டார். “நிறை வந்துவிட்டதா? சரி, அகலம் எங்கே?” என்பது அவருடைய வழக்கமான கேள்வி. காரணமும் சொல்வார். 2எஸ் நிலையின் அலைச்சார்பில் ஒரு கணு உண்டு. சிதைவில் வெளிப்படும் உந்தத்தைப் பொறுத்து அந்தக் கணு வீச்சையே ரத்து செய்துவிடக்கூடும். ஒரே நிறை சொல்லும் இரண்டு மாதிரிகளை அங்கேதான் பிரித்தறியலாம். ஓர்சே குழுவினர் வளர்த்த 3பி0 முறையை எங்களைக் கையாலேயே செய்யவைத்தார். அகலம் இல்லாத கட்டுரையை அனுப்ப விடமாட்டார். அதனால் எங்கள் பள்ளியின் கட்டுரைகள் எண்ணிக்கையில் குறைவு. திரும்பப் பெற வேண்டியது எதுவும் இல்லை.

2003 எல்லா மரபுகளையும் சோதித்த ஆண்டு. பாபர் குழு கண்ட டிஎஸ்0(2317), காட்ஃபிரே–இஸ்கர் மதிப்பைவிட ஏறத்தாழ 160 எம்.இ.வி. கீழே, டி–கே வாசலுக்கும் கீழே இருந்தது. கைரல் மரபினர் அது தங்கள் இணைநிலை என்றார்கள். மூலக்கூறு மரபினர் டி–கே பிணைப்பு என்றார்கள். லாட்டிஸ் மரபினர் டி–கே சிதறலைச் சேர்த்துக் கணக்கிட்டபோது நிறை கீழே இறங்கியது. வாசல் அருகே இருக்கும்போது அதைக் கணக்கில் சேர்க்காமல் விடக்கூடாது என்று 1976இலேயே கார்னெல் ஐவர் காட்டியிருந்ததை இங்கே நினைவூட்டுவது என் கடமை.

இன்றைய நிலையைச் சொல்லாமல் முடிக்க மனம் இடம் தரவில்லை. யாரையும் பெயர் சொல்லிக் குறை கூறுவது நோக்கமல்ல. உழைப்பாளிகள் பலர் இருக்கிறார்கள். ஆனாலும் ஆய்வுக்கூடம் ஒரு புதிய நிலையை அறிவித்ததும், இழுவிசையையும் சார்ம் நிறையையும் சற்றே நகர்த்தி, அந்த எண்ணையே திரும்பப் பெற்று, “மிகச் சிறந்த ஒப்புமை” என்று எழுதும் வழக்கம் பரவியிருக்கிறது. பல பத்து எம்.இ.வி. பிழைக்கு இடமுள்ள மாதிரியில் தசமப் புள்ளிக்குப் பின்னும் இலக்கங்கள் எதற்கு? எடுத்துக்காட்டாக, டிஎஸ்ஜே(2860) முதலில் ஒற்றை மேடாகத்தான் தெரிந்தது. 2014இல் எல்எச்சிபி குழு கோணப் பகிர்வைப் பார்த்து, அதில் தற்சுழற்சி 1, தற்சுழற்சி 3 என இரு நிலைகள் ஒன்றன்மேல் ஒன்று இருப்பதைப் பிரித்துக் காட்டியது. அதற்கு முன் அந்த ஒரே எண்ணுக்கு எத்தனை அட்டவணைகள் பொருத்தப்பட்டன! இந்தப் பழக்கம் கட்டுரையோடு நிற்கவில்லை. ஆய்வேட்டில் நுழைந்தது, வாய்மொழித் தேர்வில் நுழைந்தது, கருத்தரங்கில் கேள்வி கேட்பவரே இல்லாத நிலைக்குக் கொண்டுவந்தது. பட்டியலைப் பார்த்து விடை எழுதும் தலைமுறை, நாளை பட்டியலில் இல்லாத ஒன்றை எப்படி முன்கூட்டிச் சொல்லும்? அளவுகோல் போனால் துறையே போய்விடும். இதை மிகை என்று யாரும் நினைக்க வேண்டாம்.

கழகத்துக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டுக் கூட்டம் முதல், ஒரு நிலைக்கு அடையாளம் கற்பிக்கும் எந்த உரையும் நிறை, அகலம், முக்கியச் சிதைவுகளின் விகிதம் மூன்றையும் முன்வைத்த பிறகே ஏற்கப்படட்டும். ஆய்வைத் தொடங்கும் இளையோர், மூத்தவர்கள் நம்மிடையே இருக்கும்போதே அவர்களிடம் கணக்கைக் காட்டித் திருத்திக்கொள்ளட்டும்.