கருமணல் தரும் வெண்பொடி

திருநெல்வேலி மாவட்டத்தின் ராதாபுரம் வட்டக் கடற்கரை மணலில் கார்னெட்டோடு இல்மனைட் என்னும் கருந்தாதுவும் கலந்து கிடக்கிறது. இதிலுள்ள இரும்பை நீக்கினால் கிடைப்பது, பெயின்ட்டுக்கு வெண்மை தரும் டைட்டானியம் டை ஆக்சைடு. இந்தப் பொடியின் வியக்கத்தக்க திறன் வெயிலில் வெளிப்படுகிறது. புற ஊதாக் கதிர் பட்டதும் அதன் எலெக்ட்ரான்கள் மேல்நிலைக்குத் தாவுகின்றன. அவை விட்டுச்சென்ற வெற்றிடங்கள் நீரோடு வினைபுரிந்து ஹைட்ராக்சில் தனி உறுப்புகளை உண்டாக்குகின்றன. இவை அந்நீரில் கலந்த சாயக்கழிவின் மூலக்கூறுகளைப் படிப்படியாகச் சிதைத்து, பெரும்பாலும் கரியமில வாயுவாகவும் நீராகவும் மாற்றுகின்றன. பொடியோ தீர்வதில்லை, வடித்தெடுத்து மீண்டும் பயன்படுத்தலாம்.

ஒளியின் துணையோடு இப்பொருள் நீரைப் பிளப்பதை 1972-இல் உலகறியச் செய்தவர்கள் ஜப்பானின் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும். சூரிய ஒளியில் புற ஊதாப் பங்கு ஏறத்தாழ 5 விழுக்காடே. நைட்ரஜன் போன்றவற்றைச் சேர்த்தால், கண்ணுக்குத் தெரியும் ஒளியிலும் பொடி வேலை செய்யும். வெயிலுக்குப் பஞ்சமில்லாத தாமிரபரணிச் சமவெளிக்கு மிகப் பொருத்தமான நுட்பம் இது.