கூடிப் பேச எது தோது: மம்புளா, ஜிட்சியா?

கட்டற்ற மென்பொருளுக்காகச் சேர்ந்தவர்கள், பேசுவதற்கு மட்டும் டிஸ்கார்டுக்குப் போவதைப் பார்த்தால் எனக்கு உறுத்தும். செயலியைக் குறை சொல்ல முடியாது. ஒலி துல்லியம், காசு கேட்பதில்லை, கல்லூரிப் பிள்ளைகள் போனில் ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் மூலநிரல் நம் கையில் இல்லை, நம் சர்வரில் நிறுவவும் முடியாது. அதனால் அதை ஒதுக்கிவிட்டு, எங்கள் தமிழாக்கக் குழுவுக்காக ஜிட்சி, மம்புள் என்ற இரண்டு கட்டற்ற செயலிகளையும் காரைக்கால்மேட்டிலிருந்தே ஓட்டிப் பார்த்தேன். மொட்டை மாடியில் கடற்காற்று அடிக்கும், மழை பிடித்தால் கரண்ட் போகும், பிறகு போன் டேட்டாதான் கதி. சோதனைக்கு இதைவிடத் தோதான இடம் எது?

தமிழ்நாட்டுக் குழுக்களுக்கு ஜிட்சி புதிதல்ல. காஞ்சி லினக்ஸ் பயனர் குழு ஞாயிற்றுக்கிழமைகளில் அதில்தான் கூடித் தமிழில் பேசுகிறது. 2003-இல் பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க்கில் எமில் இவோவ் என்ற மாணவர் தொடங்கிய திட்டம் இது. 2015-இல் அட்லாசியனுக்கும் 2018-இல் 8x8 நிறுவனத்துக்கும் கைமாறியது. நிரல் மட்டும் இன்றும் திறந்தே இருக்கிறது. லிங்க்கைத் தட்டினால் பிரவுசரிலேயே கூட்டம் திறந்துவிடும். நிரலைத் திரையில் காட்டிப் பேசலாம். மம்புளில் அதற்கு வழியே இல்லை.

ஒரு சிக்கல் உண்டு. 2023 ஆகஸ்டிலிருந்து ஜிட்சியின் பொதுத் தளத்தில் அறையைத் தொடங்குபவர் கூகுள், கிட்ஹப், ஃபேஸ்புக் இவற்றில் ஒன்றின் வழியே உள்நுழைய வேண்டும். மற்றவர்களுக்குக் கணக்கு தேவையில்லை. ஆனால் தொடங்க வேண்டியவர் அன்றைக்குப் பார்த்து ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தால், மற்ற எல்லாரும் வாசலில் காத்திருக்க வேண்டியதுதான்.

மம்புள் 2005 வாக்கில் கேம் விளையாடுகிறவர்களுக்காக வந்தது. முகம் தெரியாது, குரல் மட்டும்தான். கம்ப்யூட்டரில் முதல்முறை திறந்ததும், எரிச்சலில் கத்துவது போலப் பேசு, அப்புறம் மெதுவாகப் பேசு என்று மைக்கைச் சோதிக்கும். வீட்டில் இருக்கிறவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். அந்தச் சோதனையைத் தாண்டிவிட்டால் ஒலி அருமை. இரண்டு பேர் ஒரே நேரத்தில் வாய் திறந்தாலும் யார் என்ன சொன்னார்கள் என்று பிரித்துக் கேட்க முடிகிறது. தாமதம் அவ்வளவு குறைவு.

டேட்டா கணக்கைப் பார்த்தால் வித்தியாசம் புரியும். மம்புளின் ஓபஸ் ஒலிக் கோடெக்கில் நொடிக்கு 40 கிலோபிட் என்று வைத்துக்கொண்டால், ஒரு மணி நேரம் விடாமல் பேசினாலும் குரலுக்கு மட்டும் 18 எம்பி. பாக்கெட்டின் மேலுறைகளுக்குக் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். ஜிட்சியில் 1 மெகாபிட்டில் வீடியோ வந்தால் அதே ஒரு மணி நேரத்துக்கு 450 எம்பி. மம்புளில் வாயை மூடியிருப்பவரிடமிருந்து குரல் எதுவும் போவதும் இல்லை. சர்வர் ஒலியைக் கலக்காமல் வந்ததை அப்படியே அனுப்பிவிடுவதால், ஒரு ராஸ்பெர்ரி பை போதும்.

போனில்தான் தடுமாற்றம். மம்புளுக்கு அதிகாரபூர்வ ஆண்ட்ராய்டு செயலி கிடையாது. எஃப்-டிராய்டில் கிடைக்கும் மம்லா என்ற செயலியை நான் பயன்படுத்தினேன். குரல் கேட்டால் தானே மைக் திறக்கும் முறையில், கடற்காற்றும் படகு எஞ்சினும் என்னை முந்திக்கொண்டு பேசின. பொத்தானை அழுத்திப் பேசும் முறைக்கு மாறியதும் அமைதி. மணிக்கணக்கில் கட்டைவிரலை வைத்திருக்க முடியாது. ஒரு தரம் தொட்டால் திறந்து, மறுதரம் மூடும்படி அமைத்துக்கொள்ளுங்கள். புதிதாக வருகிறவரோ செயலியை நிறுவி, சர்வர் முகவரியும் 64738 என்ற போர்ட்டும் பார்த்து, சர்வரின் சான்றிதழ் பற்றிய எச்சரிக்கைக்குச் சரி சொல்லித்தான் உள்ளே வர முடியும். பாதிப் பேர் அங்கேயே கழன்றுகொள்வார்கள்.

ஒன்றுதான் வேண்டும் என்றால் நான் ஜிட்சியைத்தான் எடுப்பேன், ஒலியில் மம்புளிடம் தோற்றாலும். சம்பளம் இல்லாத வேலைக்குச் சும்மா எட்டிப் பார்க்க வருகிறவரிடம், முதலில் இதை நிறுவு அதை அமை என்றால் எப்படி நிற்பார்? ஆனால் வீடியோவை எல்லாரும் அணைத்துவிட வேண்டும். லைன் மோசமாக இருப்பவர் குரல் மட்டும் என்ற குறைந்த அலைவரிசை நிலைக்கு மாறிக்கொள்ளலாம். ராத்திரி உட்கார்ந்து சொல் சொல்லாக வேலை பார்க்கும் நாலைந்து பேருக்கு மம்புள் தனியாக இருக்கட்டும். பழகிவிட்டால் அவர்கள் விடமாட்டார்கள்.

மம்புளுக்குப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அதில் பதிவுசெய்த உங்கள் அடையாளமே உங்கள் போனில் இருக்கும் ஒரு சான்றிதழ்க் கோப்புதான். பிரதி எடுத்து வைக்காமல் போனை மாற்றினால், சர்வர் உங்களைப் புது ஆளாகத்தான் பார்க்கும். நிர்வாகியின் கோப்பே தொலைந்தால் சர்வர் கணினியில் இறங்கித்தான் உரிமையை மீட்க வேண்டியிருக்கும். அந்தக் கணினிக்கான அணுகலை வேறு ஊரில் இருக்கும் இன்னொருவரிடமும் கொடுத்து வையுங்கள். இங்கே புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறினால் முதலில் போவது கரண்ட்தான்.