பாடு சொல்லும் வம்சம்

பழவேற்காட்டு ஏரி மீனவரின் வம்சம் தேடுபவர் முதலில் விசாரிக்க வேண்டியது ‘பாடு’, அதாவது முறைவைத்து மீன்பிடிக்கும் இடம், யாருக்கு என்பதைத்தான். முகத்துவாரத்தை ஒட்டிய சில குப்பங்களில் வலை கட்டும் உரிமை தலைக்கட்டு வழியே தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்குகிறது. சீட்டுக் குலுக்கி இடம் பிரிக்கும்போது பங்காளி யார் என்று தெரிந்தே ஆகவேண்டும். பிழைப்பே அதில் இருப்பதால் ஊர் அந்த வம்ச வரிசையை எளிதில் மறக்காது. பழவேற்காடு ஊரிலுள்ள டச்சுக் கல்லறைகளின் எழுத்தைவிட இது உயிருள்ள ஏடு. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பதால் ஆள் குழம்பும் என்பார்கள். ஒற்றைப் பெயர் குழப்பும், உண்மை. தகப்பன் பெயரோடு சேர்த்து அடுக்கினால் ஒரு தலைமுறை விட்டுத் திரும்பும் பெயர், விடுபட்டவர் யாராயிருக்கும் என்பதற்கே தடயமாகிவிடும். எவ்வளவு அழகான கணக்கு! பெண்கள் இவ்வரிசையில் இல்லை என்ற குறைதான் கனமானது. அதற்குத் தாய்மாமன் சீர் செய்தவர் யார் என்று கேட்க வேண்டும். தாய்வழி அங்கே திறக்கும்.