செட்டியாரும் ராஜகோபுரமும்

நவராத்திரிக் கொலு பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் மேல் படியிலிருந்து கண்ணை இறக்குவார்கள். நான் கீழ்ப் படியில் உட்கார்ந்திருக்கும் செட்டியாரிடமிருந்து தொடங்குவேன். சரிந்த தொப்பை, பக்கத்தில் செட்டியாரம்மா, இருவருக்கும் முன்னால் சின்னச் சின்னக் கிண்ணங்களில் நிஜ அரிசி, பருப்பு, உப்பு, வெல்லம். ஒரு வீட்டுக் கொலுவுக்கு எத்தனை வயசு என்பதை இந்த ஜோடியே சொல்லிவிடும். பழைய செட்டியார் சுட்ட மண். ஒரு கையால் தூக்க முடியாது. அவர்மேல் வண்ணம் பூச்சாக நிற்காது, மண்ணோடு இறங்கிப்போயிருக்கும். புதியவர் காகிதக்கூழ். பளபளவென்று இருப்பார், குழந்தைகூடத் தூக்கிவிடும்.

திருச்சி தில்லை நகரில் ஒரு கிராஸுக்குள் இருக்கிற பழைய மாடி வீட்டில், முழங்கை உயரமுள்ள அந்த மண் செட்டியாருக்குப் பக்கத்தில் ஸ்ரீரங்கத்து ராஜகோபுரம் நிற்கும். நிஜத்தில் 236 அடி, பதின்மூன்று நிலை. கொலுவில் ஒரு சாண். செட்டியார் மனசு வைத்தால் கோபுரத்தை வெல்ல அச்சு மாதிரி எடுத்துக் கிண்ணத்தில் போட்டுக்கொள்ளலாம். கோபுரத்துக்கு அந்தப் பக்கம், அதைவிட உயரமாக ஒரு கிளி.

இந்தப் பொருத்தமின்மைதான் கொலுவின் இலக்கணம் என்பது என் தீர்மானமான கருத்து. ஒவ்வொரு பொம்மையின் அளவும், அதை யார், எப்போது, கையில் எவ்வளவு காசோடு வாங்கினார்கள் என்பதைச் சொல்கிறது. செட்டியார் பாட்டியின் காலம். கோபுரம் மருமகளின் காலம். பல நூறு வருஷம் மேல்நிலைகள் எழாமல் நின்ற அந்தத் தெற்கு ராஜகோபுரம் 1987இல்தான் நிறைவடைந்தது. அதற்கப்புறம்தான் பதின்மூன்று நிலையோடு பொம்மையாகவும் வர முடியும். மரப்பாச்சி ஜோடி எல்லாருக்கும் மூத்தது, கல்யாணச் சீரோடு வந்தது. செம்மரத்தில் கடைந்து, மூக்கும் முழியும் தேய்ந்து, வருஷா வருஷம் புதுத் துணி உடுத்தி நிற்கும். வருஷத்துக்கு ஒரு பொம்மையாவது புதிதாக வாங்க வேண்டும் என்ற வழக்கம் இப்படித்தான் ஒரு குடும்பத்தின் வயசைப் படியில் ஏற்றி வைக்கிறது.

ஜப்பானில் மார்ச் 3ஆம் தேதி பெண் குழந்தைகளுக்காகக் கொண்டாடும் ஹினா மத்சுரியிலும் படி கட்டிப் பொம்மை வைக்கிறார்கள். சிவப்புத் துணி விரித்த படிகளில் உச்சியில் சக்கரவர்த்தியும் சக்கரவர்த்தினியும், கீழே சேடியர், பாட்டுக்காரர்கள், அமைச்சர்கள். யாருக்கு எந்த இடம் என்பது தீர்மானமானது, எல்லாம் ஒரே செட். அதன் ஒழுங்கு கண்ணைக் கட்டிப்போடும். ஆனால் அதில் கிளி கோபுரத்தைவிட உயரமாக நிற்காது. நம் கொலுவில் வைகுண்ட ஏகாதசி செட்டுக்குக் கீழே கிரிக்கெட் செட் வரும். அதை வாங்கி வந்த பையன் இன்று வேறு தேசத்தில் இருப்பான். பேட் முறிந்த ஆட்டக்காரனை அவன் அம்மா மாற்றவே மாட்டாள்.

நவராத்திரிக்கு முந்தைய மஹாளய அமாவாசை அன்று காலையில் காவிரிக்கரை அம்மா மண்டபம் படித்துறையில் தர்ப்பணக் கூட்டம் நெரியும். தர்ப்பணம் முடித்துக் காவிரியிலிருந்து திரும்பும் ஆண்களுக்குச் சாப்பாடு ஆனதும் அடுத்த வேலை காத்திருக்கும். லாஃப்டிலிருந்து பெட்டி இறக்க வேண்டும். போன வருஷத்துச் செய்தித்தாளும் பழைய வேட்டிக் கிழிசலும் சுற்றிய பொம்மைகள் ஒவ்வொன்றாகப் பிரியும். பிரிக்கிறவர் பாதியில் அந்தச் செய்தித்தாளைப் படிக்க உட்கார்ந்துவிடுவார். உள்ளேயிருந்து குரல் வரும்: "ஏன்னா, பேப்பர் அப்புறம் படிக்கலாம், பெருமாளை எடுங்கோ!"

முன்பு டிரங்குப் பெட்டி, அரிசி டின், பெஞ்சு, தடிப் புத்தகங்கள் எல்லாம் சேர்ந்து படியாகும். இப்போது மடக்கும் இரும்புப் படி எல்லா அபார்ட்மென்டிலும் வந்துவிட்டது. சௌகரியம்தான், குறை சொல்ல மாட்டேன். எண்ணிக்கை மட்டும் ஒற்றைப்படையில் இருக்க வேண்டும்: மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது. மேலே கலசமும் தெய்வங்களும், அடுத்து அவதாரங்கள், ஆழ்வார்கள், ஆசாரியர்கள், அதற்கும் கீழே மனிதர்கள், தரையில் செடி கொடி பிராணி. படிமேல் விரிப்பது வெள்ளை வேட்டியாக இருந்தால் பொம்மைகள் பேசும். ஜரிகைப் பட்டை விரித்தால் பட்டுதான் பேசும். கலர் கலராகக் கண் சிமிட்டும் சீரியல் பல்பு எனக்கு ஆகாது. பொம்மையின் முகம் நிலைத்த வெளிச்சத்தில்தான் உயிர் பெறும். பக்கவாட்டில் ஒரு குத்துவிளக்கு, மேலே ஒரு மஞ்சள் பல்பு போதும். பொம்மைக்கும் பொம்மைக்கும் நடுவே இரண்டு விரல் இடமும் வேண்டும். நெருக்கி வைத்த கொலு கடை அலமாரிபோல் ஆகிவிடும்.

பரிசுக்காகத் தீம் கொலு வைக்கிறவர்களின் உழைப்பைக் கண்டு பலமுறை வியந்திருக்கிறேன். ராமாயணம் முழுதையும் ஒரு அறைக்குள் கொண்டுவருவது சாமானியக் காரியமல்ல. ஆனாலும் எல்லாப் பொம்மையும் ஒரே வருஷத்தில், ஒரே அளவில் வந்து நிற்கும்போது, அந்த வீட்டு மனிதர்களை நான் அதில் தேடிக்கொண்டிருப்பேன்.

பூங்கா வேறு விஷயம். அது குழந்தைகளின் ராஜ்யம். தட்டில் மண் பரப்பிக் கடுகும் வெந்தயமும் தூவித் தண்ணீர் தெளித்தால், மூன்றாம் நாள் பச்சை தலைகாட்டும். திருச்சி வீடுகளில் பூங்காவில் மலைக்கோட்டை இல்லாமல் இருக்காது. பழுப்புத் தாளைக் கசக்கி மலை, உச்சியில் களிமண் பிள்ளையார், அடிவாரத்தில் முகம் பார்க்கும் கண்ணாடி, அதுதான் தெப்பக்குளம். அந்த மலையில் குடியிருக்கும் தாயுமானவர், காவிரி வெள்ளத்தால் தாய் வந்து சேர முடியாமல் போன செட்டிப் பெண் ரத்னாவதிக்குத் தாயாக வந்து பிரசவம் பார்த்தவர் என்பது ஊரறிந்த கதை. கொலு முன்னால் உட்கார்ந்து பேத்திக்கு இதைச் சொல்லும் பாட்டி, கீழ்ப் படியைக் காட்டி, "அந்தச் செட்டியார் பொண்ணுதான்டி ரத்னாவதி" என்று முடித்துவிடுவாள். அளவு பொருந்தாத இரண்டு பொம்மைகள் அந்த நிமிஷமே உறவாகிவிடும்.

எனக்கு மிகவும் பிடித்த பொழுது மத்தியானம் மூன்று மணி. குக்கரில் கொண்டைக்கடலை வெந்துகொண்டிருக்கும். தேங்காய் துருவியாகிவிட்டது. வெற்றிலை பாக்குத் தட்டில் மஞ்சளும் குங்குமமும் வைத்தாகிவிட்டது. இன்னும் யாரும் வரவில்லை. அப்போது வீட்டுக்காரி கொலு முன்னால் தனியாக வந்து நின்று, தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையை அரை அங்குலம் நகர்த்துவாள். பின்னால் தள்ளிப்போய்ப் பார்ப்பாள். மறுபடி வந்து பழைய இடத்துக்கே நகர்த்துவாள். ஒரு ஓவியர் கடைசித் தீற்றலுக்கு எடுத்துக்கொள்ளும் சிரத்தை அதில் இருக்கும். திருப்தி என்பதைக் கண்ணால் பார்க்க முடியும் என்றால் அங்கே பார்க்கலாம்.

சாயங்காலம் ஆனால் வாசலில் செருப்புகள் நிறையும். பட்டுப் பாவாடைக் குழந்தையைப் பாடச் சொல்வார்கள். திருவானைக்காவல் பக்கத்தில்தானே என்று துவிஜாவந்தி ராகத்தில் அவ்வூர் அகிலாண்டேஸ்வரியைப் பாடுவாள். ஸ்ருதி கொஞ்சம் அப்படி இப்படிப் போனாலும் சுண்டல் உண்டு. அதே நேரம் ஸ்ரீரங்கத்தில் ரங்கநாயகித் தாயார் கொலு மண்டபத்தில் எழுந்தருளியிருப்பார். படிதாண்டாப் பத்தினி என்று பெயர் பெற்றவர். வீதிப் புறப்பாடே கிடையாது. ஏழாம் நாள் திருவடி சேவைக்கு மட்டும் ஊரே அங்கே போய்விடும், அன்று தில்லை நகர்க் கொலுக்களுக்குச் சற்று ஓய்வு. வீட்டுக்குள்ளேயே நடக்கும் ஒரு திருவிழாவை வீட்டைவிட்டு வெளியே வராத தாயார் நடத்திவைப்பதில் எனக்குத் தனி நிறைவு.

விஜயதசமி இரவு ஒரு பொம்மையைப் படுக்கவைத்ததும் கொலு முடிந்தது. மறுநாள் பெட்டி கட்டுவதிலும் கலை இருக்கிறது. கனமான மண் அடியில், காகிதக்கூழ் மேலே, நீட்டிய கைகளுக்குத் தனியாகத் துணி, பெட்டியின் மேல் உள்ளே யார் யார் என்ற பட்டியல்.

புதிதாகக் கொலு தொடங்க நினைப்பவர்களுக்குச் சிங்காரத்தோப்புப் பூம்புகார் கைவினைக் கடையைச் சொல்வேன். நவராத்திரிக்கு முன்பே அங்கே கொலுப் பொம்மைக் கண்காட்சி வந்துவிடும். முதல் வருஷமே தசாவதார செட்டுக்குப் போக வேண்டாம். மூன்று படி, ஒரு மரப்பாச்சி ஜோடி, ஒரு செட்டியார் ஜோடி போதும். எந்தப் பொம்மையானாலும் வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து கண்ணைப் பாருங்கள். கடைசியாக எழுதுவது கண்தான். அவசரத்தில் எழுதியிருந்தால் இரண்டு விழியும் இரண்டு பக்கம் பார்க்கும். நேராகப் பார்க்கிற செட்டியார் கிடைத்தால் விலை கொஞ்சம் கூட இருந்தாலும் விடாதீர்கள்.