நாமக்கல் கவிஞரின் உப்புச் சத்தியாக்கிரகப் பாட்டு: ஒரு மதிப்பீடு

1930 ஏப்ரல் 13 அன்று இராஜாஜி தலைமையில் ஏறத்தாழ நூறு தொண்டர்கள் உப்பெடுக்கத் திருச்சியிலிருந்து வேதாரண்யம் நோக்கி நடந்தனர். அந்த நடைக்காக ஒரு பாட்டை இயற்றியவர் நாமக்கல்லை அடுத்த மோகனூரில் 1888இல் பிறந்த வெ. இராமலிங்கம் பிள்ளை. இன்று அது பெரும்பாலும் அகிம்சையைப் புகழும் செய்யுளாகவே மனப்பாடம் செய்யப்படுகிறது. யார், எதற்காக, எந்தத் தடையை மீறிப் பாடினார்கள் என்பது விடுபட்டால் பாட்டில் பாதி போய்விடும்.

ஆயிரம் யானைகளைக் கொன்ற வீரனைப் பாடுவது பரணி. இராமலிங்கம் பிள்ளையோ இதைப் போர் என்றே அழைத்துவிட்டு, யானை, குதிரை, கொல்லும் ஆசை, கடைசியில் பகைவன் என ஒவ்வொன்றாக நீக்கிவிடுகிறார். மிஞ்சுவது நடந்து போகும் மனிதர்களே. சொற்கள் எளியவை, சந்தம் காலடிக்கு ஒத்தது. எழுத்தறியாதவரும் இரண்டு முறை கேட்டால் உடன் பாடலாம். கற்பனை வளம் குறைவு என்பார் உண்டு. சித்திரை வெயிலில் நடப்பவர் வாயில் நிற்க வேண்டிய பாட்டில் அணிநயம் தேடுவது பொருந்தாது.

குறை வேறிடத்தில் இருக்கிறது. பாட்டு தன்னோடு சேர அழைக்கிறது; வழிகாட்டும் பெருமையைக் காந்திக்குத் தருகிறது. ஊர்வலத்தில் சேராமலே போராடியவர்களுக்கு அதில் இடமில்லை. பதினைந்து நாள் வேலையை விட்டு நடக்கக் கூலிக்காரருக்கு எப்படி முடியும்? தொண்டர்களுக்குச் சோறும் தங்க இடமும் கொடுப்போர் தண்டிக்கப்படுவர் என்று தஞ்சை ஆட்சியர் தார்ன் எச்சரித்தார். ஊர் மக்கள் சோற்றுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டுப் போனார்கள். கட்டியவர் பெயர் எந்தப் பட்டியலிலும் ஏறவில்லை. நடைக்காக முன்னரே எழுதப்பட்ட பாட்டு ஆதலால், அந்தச் சோற்றை அது அறிந்திருக்க வழியில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

வேதாரண்யத்தில் முடிதிருத்தும் தொழிலாளி வைரப்பன், தான் மழித்துக்கொண்டிருப்பவர் போலீஸ்காரர் என்று தெரிந்ததும் பாதியில் நிறுத்திவிட்டார். மீதியை மழிக்க மறுத்ததற்காகச் சிறை சென்றார். ஆயுதமில்லாத போர் என்று கவிஞர் பாடியதை, சவரக்கத்தியால் பிழைத்தவர் அக்கத்தியைக் கீழே வைத்துச் செய்து காட்டினார். அவருக்கு வேதாரண்யத்தில் நினைவுத்தூண் உண்டு. பாட்டைக் கற்பிக்கும்போது தார்னின் ஆணையையும் வைரப்பனின் பெயரையும் இரண்டு வரியில் சொன்னால், அது யாருடைய பாட்டு என்று மாணவர்களே கேட்பார்கள்.